சபுராவின் மஞ்சப்பை

கிடைக்காது என்று நன்றாகத் தெரிந்தே ரிஃபத் அந்தப் பெட்டியை மூன்றாம் முறையாகக் கவிழ்த்தாள். மகள் உஸ்மாவின் ஈரம் காயாத துணிகள், கணவன் ரியாஸின் சட்டைகள், பாதி தீர்ந்த முறுக்கு டப்பா, கொசுவத்தி எல்லாம் வாடகை வீட்டின் சிமென்ட் தரையில் சிதறின. மஞ்சப்பை மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? கோயம்புத்தூரில், கோட்டைமேட்டு வீட்டு பீரோவுக்கு மேலே அவளே தன் கையால் தள்ளிவிட்டு வந்த பை அது.

அடுத்த அறையில் பாயில் சபுரா கிடந்தாள். ரிஃபத்தின் அக்கா, ஐம்பத்து நாலு வயது. பவானிசாகருக்கு அவர்கள் வந்து இன்று மூன்றாம் நாள். விடிந்ததும் அணைக்கரைக்குப் போய், பரிசலிலிருந்து இறங்கிய மீன்களில் நாலு ஜிலேபிக் கெண்டையைச் செவுள் தூக்கிப் பார்த்துப் பொறுக்கி, மீன்காரரோடு பேரம் பேசி ஜெயித்து, "கொஞ்சம் மூச்சு வாங்குதுங்க" என்று கவிழ்த்துப் போட்டிருந்த பரிசல் மேல் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அவளை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது பைக்குள் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகிறது.

கோட்டைமேட்டில் சபுராவைத் தெரியாதவர் கிடையாது. அந்தத் தெருக்களில் எந்தப் பெண் மௌத்தானாலும், உடலைக் குளிப்பாட்டி, கஃபன் என்னும் வெள்ளைத் துணி உடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்த கையோடு இந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அந்த வீடுகளில் ஒரு வாய் டீ கூடக் குடிக்கமாட்டாள். கொரோனாக் காலத்தில் பெற்ற பிள்ளைகளே வாசலோடு நின்றபோது, முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனவள் அவள். ஆனால் துக்க முகம் என்று ஒன்றை அவள் வைத்துக்கொண்டதே இல்லை. ஊரையே கிண்டல் செய்வாள், மீன் தலைக்குச் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்பாள். இப்படி ஒரு மனுஷியை ரிஃபத் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஐந்து துண்டு கஃபன் துணி, கற்பூரம், ஒரு சின்ன அத்தர் சீசா. மஞ்சப்பையில் இருப்பது இவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூட வரும். "யாருக்கு எப்ப வேணும்னு நமக்கென்ன தெரியும்?" என்பாள் சபுரா. முதல் தடவையாக அக்காவை எங்காவது கூட்டிப் போகிறோம், அங்கேயுமா இந்தச் சாவுத்துணி என்று ரிஃபத்துக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மீன் மசாலாவையும் உஸ்மாவின் பந்தையும் திணித்தாள்.

ரியாஸ் போனோடு உள்ளே வந்தான். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன் ரிஃபத். ரெண்டு மணி நேரத்துல நம்ம ஊரு. அங்க ஜமாஅத்துல எல்லாம் பாத்துக்குவாங்க. இங்க நமக்கு யாரைத் தெரியும்?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஊருக்குப் போனால் குளிப்பாட்ட நாலு பேர் வருவார்கள், துணி வரும், ரிஃபத் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கலாம். ஆனால் சபுரா சொன்னதை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். "நான் எங்க மௌத்தாறனோ அங்கயே அடக்கிப்போடுங்க. வண்டியில வெச்சு உருட்டறதுக்கு நான் என்ன தக்காளிப் பொட்டியா? குளிப்பாட்ட என்ற தங்கச்சி இருக்கறா." அந்தக் கடைசி வார்த்தை வரும்போதெல்லாம் ரிஃபத் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் கைகள் மேல் பயம். அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவளே அக்காதான். மையித்தைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, தலைக்குக் குளித்து, சபுரா சீப்போடு உட்காருவாள். பத்து வயது ரிஃபத் நாலடி தள்ளி நின்று, "அந்தக் கையால வேண்டாங்க்கா" என்பாள். சபுரா ஒருநாளும் கோபித்ததில்லை. "சரி கண்ணு, நாளைக்குக் காலையில பின்னிக்கலாம்" என்று சீப்பை எடுத்து வைத்துவிடுவாள். ரிஃபத் தலைவிரி கோலமாகவே தூங்குவாள்.

"வண்டி வேண்டாங்க. வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள் ரிஃபத்.

"குளிப்பாட்டறது யாரு?"

"நான்தான்."

"துணி? அக்கா பை எங்க?"

"நான்தானுங்க அதை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்." ரிஃபத் காலிப் பெட்டியை மூடினாள். "ஊரு சனத்துக்கெல்லாம் துணி கொண்டு போனவளுக்கு ஒரு துணி இல்லாமப் பண்ணிப்போட்டேன்."

ரியாஸ் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினான். அப்போதுதான் பாப்பாயி படியேறினாள். பக்கத்து வீட்டுக்காரி, அணைக்கட்டில் மீன் வறுத்து விற்பவள். வந்த அன்றைக்கே சபுராவோடு பத்து வருஷப் பழக்கம்போல ஒட்டிக்கொண்டவள். அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது.

"அம்மணி, இதைய உங்கக்கா என்ற ஊட்டுல வெக்கச் சொல்லுச்சுங்க" என்றாள். "முந்தாநேத்து ரெண்டு பேருமாத் துணிக்கடைக்குப் போனமுங்க. வெள்ளத்துணி எடுத்தாந்து, எங்கூட்டுல உக்காந்துதான் கிழிச்சு மடிச்சுது. உங்கூட்டுக்குக் கொண்டு போலீங்களான்னு கேட்டனுங்க. 'தங்கச்சி பாத்தா சங்கடப்படுவா. பையை எடுத்து வெச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கறா, அப்படியே இருக்கட்டும். புள்ள நிம்மதியா நாலு நாளைக்கு மீன் திங்கட்டும், போறப்ப வாங்கிக்கறேன்'னு சொல்லிச் சிரிச்சுதுங்க."

ரிஃபத் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே அக்கா என்று இருந்தது. நேற்று அவள் தட்டில் பெரிய மீன் தலையை வைத்து, "தின்னு, சண்டை போடமாட்டேன்" என்று சபுரா சிரித்தது ஞாபகம் வந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஷேக் பரீத் குளிப்பாட்டும் பலகை கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி ரம்ஷாவுக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். "தண்ணி ஊத்தறேங்க்கா. தொட்டுப் பழக்கமில்லீங்க" என்று கூச்சத்தோடு சொன்னாள். பாப்பாயி அண்டாவில் வெந்நீர் வைத்தாள். அந்தத் தண்ணீரில் போட இலந்தை இலை வேண்டும் என்றதும் அவள் புருஷன் பொங்கியண்ணன் கரையோரம் போய் ஒரு கட்டு ஒடித்து வந்தார். கையெல்லாம் முள் கிழித்திருந்தது.

பின்வாசலில் நாலு பக்கமும் சேலை கட்டினார்கள். ரிஃபத் கையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். அக்கா குளிப்பாட்டுவதை ஒருமுறைகூட அவள் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் சின்னப் பெண்ணை வீட்டில் தனியாக விட முடியாமல் சபுரா அவளையும் கூட்டிப் போவாள். திரைக்கு வெளியே பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள் ரிஃபத். உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். இறந்தவர்களோடு பேசியபடியேதான் சபுரா குளிப்பாட்டுவாள். ஒவ்வொரு வார்த்தையும் இப்போது வரிசையாக வந்து நின்றது.

"அக்கா, இடது பக்கமாச் சாஞ்சுக்கங்க" என்றாள் ரிஃபத். ரம்ஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "மொதல்ல வலது பக்கம் ஊத்திக்கலாம். சூடு போதுமுங்களா? இந்தா, முடிஞ்சுது. இனி அந்தப் பக்கம்."

பேசிக்கொண்டே தோளிலிருந்து கால் வரை கையால் தடவிக் கழுவினாள்.

முடி பாதி நரைத்திருந்தது. ரம்ஷா சீப்பை நீட்டினாள். "சீப்பெல்லாம் வேண்டாம் கண்ணு, வலிக்கும். கையாலயே ரெண்டாப் பிரிச்சு நெஞ்சு மேல போட்டாப் போதும்" என்று ரிஃபத் சொன்னாள். சொன்னது முழுக்க சபுராவின் வாய் வார்த்தை. கஃபன் துணி அக்காவின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. யாருக்கு என்று தெரியாமல் கிழித்தவள், யாருக்கும் போதும்படி கிழித்திருந்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்குத் தூக்கினார்கள். தோள் கொடுக்க ஆள் போதுமா என்று ரியாஸ் கவலைப்பட்டிருந்தான். வாசலில் பரிசல்காரர்கள் பதினைந்து பேர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலையில் சபுராவோடு பேரத்தில் தோற்ற மீன்காரர் முதல் ஆளாக முன்னால் வந்தார்.

வெயில் இறங்கியதும் பாப்பாயி சோறோடு, அந்த நாலு கெண்டைகளையும் வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். "உங்கக்கா பாத்து எடுத்ததுங்க. வீணாக்க மனசு வல்லீங்க." பெரியவர்களுக்கு இறங்கவில்லை. உஸ்மா மட்டும் சாப்பிட்டாள். தலைகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

பிறகு அவள் சீப்பையும் இரண்டு ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்த நாளிலிருந்து மாலையில் அவளுக்குப் பெரியம்மாதான் தலை பின்னிவிட்டிருந்தாள்.

"அம்மா, பின்னி உடறீங்களா?"

ரிஃபத் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு முறை குளித்தும் கற்பூர வாசனை போகவில்லை. "இன்னிக்கு வேண்டாம் கண்ணு. நாளைக்குக் காலையில பின்னிக்கலாம்."

"ஏனுங்கம்மா?"

என்ன சொல்வதென்று ரிஃபத் யோசிப்பதற்குள், உஸ்மா முதுகைக் காட்டி அவள் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் அணைத் தண்ணீரில் ஆடிய முடி, சிக்கு விழுந்து கிடந்தது. ரிஃபத் சீப்பை வாங்கிக் கீழே வைத்தாள். வலிக்காதபடி, கையாலேயே, அதை இரண்டாகப் பிரித்தாள்.