சொந்தக் காலில் நிற்கும் வயது

"கடைக்குட்டி சொந்தக் கால்ல நிக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகும் சார்? அதுவரைக்கும் இன்ஷூரன்ஸ் இருந்தாப் போதும்" என்று முகவர் சிரித்தபடி கேட்டார்.

பஸ் ஓட்டுநரான அப்பா உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார். கட்டிலில் கிடந்த பத்தொன்பது வயது மகளுக்கு அம்மா கரண்டியால் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண் எழுந்து நின்றதே இல்லை.

முகவரின் முகம் வாடிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா, தெரியாமக் கேட்டுட்டேன். அப்படின்னா சாருக்கு ஆயுசு முழுக்க வர்ற பாலிசிதான் சரி. ஆனா பணத்தை வாங்கிப் பாப்பாவைப் பாத்துக்க ஒருத்தர் பேரு வேணும்."

"யாரும் வேணாம் தம்பி" என்றாள் அம்மா, மகளின் வாயைத் துடைத்தபடி. "எனக்கு ஒரு நாள் முன்னாடி இவளைக் கூப்பிட்டுக்கோன்னு கடவுள்கிட்ட தினமும் கேக்குறேன்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் அதையேதான் கேட்டுவந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

துணிக்கடை வேலைக்குக் கிளம்பிய மூத்த மகள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். "என் பேரை எழுதுங்கண்ணா."

"உனக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்குடி" என்றாள் அம்மா.

"இருக்கட்டும், அதுல இவளும் இருந்துட்டுப் போறா. இவ குறட்டை இல்லாம எனக்குத் தூக்கமே வராது. நீ அந்த வேண்டுதலை மட்டும் விட்டுடும்மா."

மறுநாள் காலை அம்மா கைகூப்பி நின்றாள். பழகிய வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, மூத்தவளுக்காக என்ன கேட்பதென்று தெரியாமல் அழுதாள்.