லியுவுக்குப் போட்ட மார்க்

அந்தக் கோப்பு செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சசிரேகாவின் மேசைக்கு வந்தது. லியு ஜியான்பிங், வயது நாற்பத்தாறு. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் புது மெஷின்களைப் பொருத்திக் கொடுக்கச் சீனாவிலிருந்து வந்தவர். இரண்டு மாதம் முன்பு வல்லக்கோட்டை ரோட்டில் மழையில் சைக்கிள் வழுக்கி விழுந்து தலையில் அடி. ஸ்கேன் இப்போது சுத்தமாக இருக்கிறது. ஆனால் சசிரேகா லீவில் இருந்த வாரம் வேறொருவர் வைத்த ஞாபகசக்திச் சோதனையில் முப்பதுக்குப் பதினாலு வாங்கியிருந்தார்.

கோப்பைப் படித்து முடிப்பதற்குள் கம்பெனி ஹெச்.ஆர். மோகன் போன் செய்துவிட்டார்.

"பதினாலுன்னா இன்னா மேடம் அர்த்தம்? ஊருக்கு அனுப்பிடலாமா?"

"சோதனை எந்த பாஷையில நடந்துச்சு சார்?"

"இங்கிலீஷ்லதான்."

"அவருக்கு எவ்ளோ இங்கிலீஷ் வரும்?"

மோகன் யோசித்தார். "குட் மார்னிங் சொல்வாரு. நோ ப்ராப்ளம் சொல்வாரு."

"அப்ப அது அவர் இங்கிலீஷுக்குப் போட்ட மார்க். மூளைக்கு இன்னும் யாரும் மார்க் போடல. ஒரு வாரம் குடுங்க."

சசிரேகா பிள்ளைப்பாக்கத்துப் பெண். அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகச் சைக்காலஜிஸ்ட். ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டி விழுந்தவர்களை வாரம் நாலு பேராவது பார்ப்பாள். அடிபட்ட மூளை எங்கே தடுமாறுகிறது, எங்கே திடமாக நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அதில் ஒரு சிக்கல் உண்டு. அளக்கிற கோல் அந்த மனுஷனுக்கு உரியதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நன்றாக இருப்பவனை நோயாளி என்று எழுதிவிடுவோம், நோயாளியைக் குணமானவன் என்று அனுப்பிவிடுவோம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பழைய வகுப்புத் தோழியிடம் கேட்டு, சீன மொழியிலேயே தயாரித்த சோதனைகளை வரவழைத்தாள். கேள்விகள் எல்லாம் ஒலிப்பதிவாக இருந்தன. சீனாவில் அதே வயது, அதே படிப்பு உள்ளவர்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்ற பட்டியலும் கூடவே வந்தது. அதைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் நம் ஊர்க்காரர்கள் ஆறு ஏழோடு நின்றுவிடுவார்கள். அங்கே எட்டு, ஒன்பது சர்வ சாதாரணம். அவர்கள் மொழியில் எண்கள் ஒவ்வொன்றும் ஒரே அசை. சட்டென்று வாயில் அடங்கிவிடும். நம் கணக்கில் பாஸாகிறவர் அங்கே பின்தங்கியவராக இருக்கலாம். சசிரேகா வீடியோ பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை சீன எண்களை மனப்பாடம் செய்தாள்.

அடுத்த செவ்வாய் லியு வந்தார். கட்டையான உருவம், கையில் துணிப்பை, சட்டை காலர்வரை பட்டன். கூட வந்தவள் பூஜா, கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். மறைமலை நகர்ப் பெண். சென்னையில் மூன்று வருஷம் சீனம் படித்தவள்.

முதலில் ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். லியு கடகடவென்று ஆரம்பித்தார். பூஜா சொல்லிக்கொண்டே வந்தாள்: எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை...

சசிரேகாவின் பேனா டிராகனில் நின்றது. இல்லாத மிருகத்தைச் சொல்கிறாரே, குழப்பமா?

"இல்ல மேடம், அவங்க வருஷத்துக்கு ஒரு மிருகம் வெச்சிருக்காங்க. பன்னெண்டு. நாம மேஷம் ரிஷபம்னு ராசி சொல்ற மாதிரி வரிசையா சொல்லிக்கினு போறாரு. அங்க குழந்தைக்குக்கூடத் தெரியும்."

சசிரேகா சிரித்துவிட்டாள். நல்ல உபாயம்! மனசுக்குள் ஒழுங்கான அலமாரி வைத்திருக்கிற ஆள்தான் இப்படி எடுத்துக் கொடுக்க முடியும். பன்னிரண்டும் முடிந்தபின் இன்னும் ஒன்பது சொன்னார்.

அடுத்தது எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனை. ஐந்து, இரண்டு, எட்டு, மூன்று என்றது ஒலிப்பதிவு. லியு நெற்றியைத் தேய்த்தார். "ஸான்... அர்... பா... ஊ."

"மூணு, எட்டு, ரெண்டு, அஞ்சு," என்றாள் பூஜா.

சசிரேகா நிமிர்ந்து பார்த்தாள். ஸான் மூன்று. அடுத்து எட்டு வரவேண்டும், ஆனால் அர் என்றால் இரண்டு. அவர் தப்பாகச் சொன்னதைப் பூஜா சரியாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வரிசையிலும் அதுவே நடந்தது.

"டீ குடிச்சிட்டு வரலாம்," என்று எழுந்தாள். லியுவுக்கு ஒரு டீ சொல்லி உட்காரவைத்துவிட்டு, பூஜாவைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள்.

"அர்னா ரெண்டுதானே பூஜா?"

பூஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கப்பை மேசையில் வைத்தாள்.

"ஃபெயில் ஆனா அனுப்பிடுவாங்க மேடம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மெஷின் வார்த்தைகூட எனக்குத் தெரியாது. ஸ்பேனர் கையில எடுத்து எடுத்துக் காட்டி சொல்லிக் குடுத்தவரு அவரு. தகடு அமுக்குற அந்தப் பிரஸ் லைனை ஓடவெச்சிட்டுத்தான் ஊருக்குப் போவேன்னு சொல்லிக்கினே இருக்காரு."

"அந்தப் பிரஸ்ல ஒரு செகண்டு கவனம் தப்பினா கை போயிடும் இல்ல? நீ நல்லதுதான் நினைக்கிற. ஆனா அவர் தப்பை நீ மறைச்சா, அவருக்கு எங்க துணை வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பூஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாரி மேடம். இனிமே அவர் இருமினாக்கூட இருமினாருன்னு சொல்றேன்."

ஒருமுறை கேட்டுவிட்டதால் அந்த எண்களை மறுபடி வைக்க முடியாது. மாற்று வரிசை எடுத்துத் தொடங்கினார்கள். அப்புறம் வண்ண வட்டங்கள். ஆங்கில எழுத்துகளைக் கோர்க்கும் சோதனைக்குப் பதிலாக, எண் எழுதிய இரண்டு நிற வட்டங்களை வரிசையாக, நிறம் மாற்றி மாற்றிப் பென்சில் கோட்டால் இணைக்க வேண்டும். ஒரே நிறமாக இருந்தவரை லியுவின் பென்சில் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு நிறம் வந்ததும் தயங்கியது, திரும்பியது, நின்றது. அவர் கழுத்தில் வியர்வை. கடைசியில், ஒரு சின்னக் கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் குறையில்லை. அரை மணி கழித்துக் கேட்டபோதும் கதையில் வந்த கிராமத்தின் பெயர்வரை சொன்னார்.

மதியத்துக்குள் சசிரேகா கணக்கெடுத்து முடித்தாள். ஞாபகம் சரி. யோசிக்கும் திறன் அவர் வயதுக்காரர்களைவிட ஒரு படி மேல். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில் மட்டும் வேகம் விழுந்திருக்கிறது. அடிபட்டு இரண்டே மாதம், தேறுவதற்கு இடமிருக்கிறது.

அதை அவரிடம் நேராகவே சொன்னாள். பூஜா ஒவ்வொரு வார்த்தையாக மாற்றிச் சொன்னாள். லியு தலையைக் குனிந்து கேட்டார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"ரூம்ல ரெண்டு தடவை கெட்டிலை அடுப்புல வெச்சிட்டு மறந்துட்டாராம்," என்றாள் பூஜா. "பக்கத்துல ஒருத்தர் பேசினா போதும், கையில இருக்கறது நழுவிப்போவுதாம். பைத்தியம் புடிக்கப்போவுதோன்னு பயந்து சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லலியாம். இது ஒண்ணுதான் கோளாறுன்னா பரவால்லைங்கறாரு."

லியு நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து மனைவிக்கு வீடியோ கால் போட்டு, சோதனைத் தாள்களைக் கேமராவில் காட்டிக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

சசிரேகா மோகனுக்கு எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்தான். மூன்று மாதம் பிரஸ்ஸைத் தொடவேண்டாம். சத்தமில்லாத அறையில் அரை நாள் வரைபட வேலை. மெஷினை லைனில் இருக்கும் டெக்னீஷியன் ஒருவர் இயக்கட்டும். லியு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். கவனப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வரவேண்டும். மோகன் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதித்தார். புது ஆளை வரவழைப்பதைவிட அதுதான் அவருக்கும் சுலபம்.

அந்த டெக்னீஷியன் பேச்சிராஜ், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அவனும் லியுவும் பாதி சைகையிலும் பாதி சிரிப்பிலும் வேலையை நகர்த்தினார்கள். இரண்டாவது மாதக் கடைசியில் பிரஸ் லைன் ஓடத் தொடங்கியது. முதல் நாள் உற்பத்திக்கு லட்டு கொடுத்தார்களாம். பூஜா போட்டோ அனுப்பியிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து மறுசோதனை. இரண்டு நிற வட்டங்களை லியு பழைய நேரத்தில் பாதியில் முடித்தார். அவர் ஊர்ப் பட்டியலின்படி நடுத்தரத்துக்குச் சற்றே கீழே. அது போதும். அந்த வாரமே பிரஸ்ஸுக்குத் திரும்பலாம் என்று எழுதினாள்.

தாளை வாங்கிக்கொண்ட லியு, பூஜாவை வாயைத் திறக்கவேண்டாம் என்று கைகாட்டி நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், சாப்ட்டியளா? நா நல்லா இருக்கம்லா!"

அச்சு அசல் தூத்துக்குடிப் பேச்சு, பேச்சிராஜிடம் கற்றது. சசிரேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பூஜாவும் சிரிக்க, லியு தன் தமிழுக்கும் மார்க் போடச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.