தள்ளிப்போன பஸ் நிறுத்தம்

பெரிய துணிக்கடை காலி செய்துவிட்டுப் போன பிறகு, அமெரிக்காவின் டொலீடோ நகரத்து அந்த மாலில் நடந்தால் காலடிச் சத்தமே எதிரொலித்தது. மிச்சமிருந்த கடைக்காரர்களை மேலாளர் கெஸ்லர் உணவுக்கூடத்துக்கு அழைத்திருந்தார். முடி வெட்டும் பார்லர் வைத்திருக்கும் வெர்னெல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஈஸ்டர் பண்டிகையோட இந்த மால மூடுறோம். யார் மேலயும் தப்பில்ல. ஜனங்க எல்லாத்தையும் போன்லயே வாங்கிடுறாங்க," என்றார் கெஸ்லர்.

வெர்னெலுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"ஏன் தம்பி, முடி வெட்டுறத போன்ல வாங்க முடியுமா?"

பிரெட்ஸல் ரொட்டிக் கடை டுவேன் சிரித்துவிட்டான். "தலைய பார்சல்ல அனுப்பணும்போல."

"மேடம், நான் பொதுவா சொன்னேன்."

"நான் என் கடையச் சொல்றேன். என்கிட்ட வர்றவங்க முக்காவாசிப் பேர் பஸ்ஸுல வந்தாங்க. பஸ் நம்ம வாசல்ல நின்னுது. அத மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினது யாரு? போனா?"

கெஸ்லர் கழுத்துப்பட்டையைத் தொட்டுக்கொண்டார். "பஸ்ல வர்ற பசங்க வாசல்ல கூட்டம் போட்டாங்க. கார்ல வர்ற குடும்பங்க பயந்தாங்க."

"சரி, அந்தக் கார்க்காரங்க எங்க?"

கண்ணாடிக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம் வெறும் பனியாகக் கிடந்தது. கெஸ்லர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஒடெஸ்ஸாம்மா வருஷக்கணக்கா என்கிட்டதான் முடி சுருட்டிக்கிறவங்க. உங்க புது நிறுத்தத்துலருந்து ஐஸ்ல நடந்து வந்தாங்க. பாதி வழில விழுந்து இடுப்பு ஒடிஞ்சு, இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரிலருந்து எனக்குப் போன் போட்டு மன்னிப்பு கேட்டாங்க, நேரத்துக்கு வர முடியலன்னு. நீங்க கேட்டீங்களா?"

கெஸ்லர் காகிதத்தைப் புரட்டினார். "மூடுற வரைக்கும் எல்லாக் கடையும் ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கணும். ஷட்டர் போட்டா அபராதம். ஒப்பந்தத்துல இருக்கு."

வெர்னெல் எழுந்து தன் கடைக்குப் போனாள். கத்தரி, சீப்பு, சுருட்டும் உருளைகள் எல்லாவற்றையும் பையில் போட்டாள். நட்டநடுப் பகலில் ஷட்டரை இழுத்துவிட்டாள். அந்தச் சத்தம் காலிக் கடைகளுக்குள் எல்லாம் புகுந்து வந்தது.

கெஸ்லர் ஓடிவந்தார். "மேடம், அபராதம்!"

"போன்ல அனுப்பு தம்பி."

வெளியே காற்று அறைந்தது. ஐஸைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். நாற்பத்தைந்து வயதுக்காரிக்கே மூச்சு வாங்கியது. இந்தத் தூரத்தைத்தான் ஒடெஸ்ஸாம்மாவைக் கைத்தடியோடு நடக்கவைத்தார்கள். சாலையைக் கடந்து நிறுத்தத்துக்கு வந்ததும் போனை எடுத்தாள்.

"ஒடெஸ்ஸாம்மா, கதவத் தாழ் போடாம வைங்க. இனிமே நீங்க எங்கயும் வர வேணாம். நான் பஸ்ஸுல வர்றேன்."