படத்தில் விழாத குரல்

நெடுங்கேணியில் விழுந்த ஷெல்லொன்றில் தவமலருக்குத் தலையில் காயம் பட்டது. காயம் ஆறியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. சண்டை நின்ற சமாதான காலத்தில் பாதை திறந்ததும், பேச்சிழந்தவர்களின் மூளையைப் படம்பிடித்து ஆராய்கிறவர்கள் வவுனியாவில் ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கணவர் நாகேந்திரம் அவளைக் கூட்டிப்போனார்.

அங்கே வேலை செய்த றிம்ஸியா எக்ஸ்ரேயைப் பார்த்துத் தயங்கினாள். "ஐயா, அக்காவின்ர தலைக்குள்ள இரும்புத்துண்டு கிடக்கு. படமெடுக்கிற மெசின் பெரிய காந்தம். இழுத்தா உயிருக்கே ஆபத்து."

"அப்ப என்னைப் படமெடுங்கோ, பிள்ளை."

"உங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையே?"

"இவ கதைச்சதெல்லாம் கேட்டவன் நான்தானே. என்ர தலைக்குள்ள எங்கையெண்டாலும் கிடக்கும், பாருங்கோ."

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் தேவைப்பட்டதால் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இயந்திரம் இருந்த கொழும்புக்குப் போய், காந்தக் குழாயின் இரைச்சலுக்குள் அசையாமல் கிடந்துவிட்டு வந்தார். பிறகு வவுனியாவில் றிம்ஸியா படத்தைக் காட்டி, மூளையில் ஒரு குறையும் இல்லை என்றாள்.

"இதில அவவின்ர குரல் எங்க, பிள்ளை?"

"அது படத்தில விழாது, ஐயா."

வெளியே வாங்குப் பலகையில் தவமலர் காத்திருந்தாள். அவர் பக்கத்தில் அமர்ந்து வாய்விட்டு அழுதார். ஏனென்று அவளால் கேட்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.