மூன்றாவது தும்மல்

“தினம் நாலு கோடிப் பேர் என் வயலினைக் கேக்குறாங்க மச்சான். ஒருத்தன்கூட பாதியில எழுந்து போக முடியாது!”

வயலின்காரர் இப்படி முழங்கியபோது அந்த வீட்டில் அதைக் கேட்க இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி. அடுப்படியில் ஏற்கெனவே கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றவர் அவளுடைய அண்ணன், குழாய்ச் சாமான் கடைக்காரர். எதையும் கையால் ஒரு திருகு திருகிப் பார்க்காமல் நம்பாத மனிதர்.

“நாலு கோடியா? நானே கேட்டு நாலு வருஷமாச்சு மாப்ள.”

அதுவும் சரிதான். ஒரு காலத்தில் வயலினைப் பெட்டிக்குள் வைக்க நேரமில்லாமல், தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டே சாப்பிட்டு, இடுக்கிக்கொண்டே தூங்கி, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஓடியவர் அவர். பிறகு நாற்பது வயலினை வயிற்றில் அடக்கிய கீபோர்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதையும் சேர்த்து விழுங்கியபடி கம்ப்யூட்டர் வந்தது. வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டிருந்த கடைசி மாணவியும் செல்போனிலேயே கற்றுக்கொள்ளப் போய்விட்டாள். அது திட்டுவதில்லையாம்.

இப்போது மச்சான் இரண்டு ஏற்பாட்டோடு வந்திருந்தார். திங்கட்கிழமை முதல் மாப்பிள்ளை கடைக்கு வந்துவிட வேண்டும். புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறைச் சுவருக்கு ஒரு பழைய வயலின் தேவைப்படுகிறது. கழுத்தில் ஓர் ஆணி, இடுப்பில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஆள் வருகிறான்.

“கடைக்கு வர்றேன்,” என்றார் வயலின்காரர். “அதுல ஆணி மட்டும் வேணாம்.”

“கேக்க ஆளில்லாத வயலின் பீரோ மேல கிடந்தா என்ன, சுவத்துல தொங்கினா என்ன?”

அந்தக் கேள்வி சுட்டதில்தான் நாலு கோடி வெளியே வந்தது.

“டெலிபோன் கம்பெனிக்குப் புகார் சொல்ல போன் போடுங்க. காத்திருக்கச் சொல்லி ஒரு வயலின் ஓடும். பதினோரு வருஷமா அது நான்தான்.”

“எல்லா வயலினும் ஒரே மாதிரிதான் அழுவுது. உங்களதுன்னு எப்படித் தெரியும்?”

“கடைசியில தும்முவேன்.”

அடுப்படியில் தட்டுச் சத்தம் நின்றது.

பதிவு நாளன்று அவருக்கு மூக்கு பாதாளக் கிணறு மாதிரி ஊறிக்கொண்டிருந்தது. கடைசிச் சுரத்தை இழுக்கும்போது வெடித்துவிட்டது. இன்னொரு முறை வாசிக்கிறேன் என்றார். போனில் போவதுதானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடையைக் கட்டிவிட்டான்.

அவர் தும்மல் தெரு அறிந்தது. முதல் இரண்டும் மரியாதையாக வரும். மூன்றாவது எதிர்வீட்டு ஜன்னலில் விரிசல் விடும். பிறகு ‘அம்மாடியோவ்’ என்று ஒரு வால்.

“சரி,” என்றார் மச்சான். “தும்மல் வந்தா வயலின் இங்கேயே இருக்கட்டும். நான் வாயே திறக்கல.”

எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். வயலின் தொடங்கியது. தகர டப்பாவில் அடைத்ததுபோல் இருந்தாலும் வில் நடுங்கவில்லை. வயலின்காரருடைய இடது கை விரல்கள் முழங்காலில் தாமாகவே நகர்ந்தன. கடைசிச் சுரம் வந்தது. இழுத்தது. இதோ—

“வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்ட முதல் போன் அதுவாகத்தான் இருக்கும். வயலின்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மச்சான் நியாயஸ்தர்.

“ஏம்மா, கொஞ்சம் காத்திருக்க வைக்கிறியா?”

“சார்?”

“புகாரெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த வயலினை முழுசாக் கேக்கணும்.”

எதிர்முனையில் அந்தப் பெண், “இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல சார்,” என்று சொல்லிவிட்டு இசைக்குத் திருப்பினாள்.

மறுபடி முதலிலிருந்து. கடைசிச் சுரம். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் போன் மேசைமேல் அரை அங்குலம் நகர்ந்தது. அம்மாடியோவ்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் போனை அணைத்தார். ஹோட்டல்காரனைக் கூப்பிட்டு, “வயலின் இல்லப்பா,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

மனைவி ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள்.

“தும்மலை விடுங்க. அப்ப எவ்வளவு நல்லா வாசிச்சிருக்கீங்க.”

வயலின் பீரோ மேலேயே இருந்தது. திங்கட்கிழமை வயலின்காரர் கடைக்குப் போனார். ஜெயித்தவருக்கும் வயிறு உண்டே. கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அரை அங்குல வாஷரையும் முக்கால் அங்குல வாஷரையும் பிரித்துப் போட்டார். தந்தி அழுத்தி அழுத்தி விரல் நுனிகளில் காய்த்திருந்த காய்ப்பு இரண்டு மாதத்தில் உரிந்துவிட்டது.

ஒருநாள் கல்லாவுக்கு எதிரே ஒரு வாடிக்கையாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொதித்தார். “அரை மணி நேரமா எவனோ வயலின் வாசிச்சு உயிரை எடுக்கறான்! கட் பண்ணிடப் போறேன்.”

உள்ளே வாஷர் விழும் சத்தம் நின்றது. மச்சான் பொட்டலத்தைக் கட்டியபடியே குரலைத் தாழ்த்தினார்.

“பண்ணாதீங்க சார், இப்போ தும்முவாரு. எங்க மாப்பிள்ளைதான், உள்ளே உக்காந்திருக்காரு. நானும் முதல்ல நம்பல. ஆனா அது அவரேதான்.”