வெள்ளைத் துண்டும் நீலத் துண்டும்

மாடி ஜன்னல் கம்பியில் வெள்ளைத் துண்டு விழுந்ததும், கீழே மஞ்சள் வண்டியோடு நின்றிருந்த விற்பனையாளர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

"மேடம், சார் இன்னும் வண்டியப் பார்க்கவே இல்லையே."

"பார்க்க மாட்டார். கேட்டுட்டார்," என்றாள் அவள்.

"முந்நூத்தி எண்பது ஹார்ஸ்பவர் மேடம்."

"ஒரு குதிரைகூட அவர் காதுல விழல போல."

அவர் சிரிக்கவில்லை. வண்டி விற்பவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. ஆனால் அது கையெழுத்து ஆன பிறகுதான் வேலை செய்யும். "இது வெறும் கார் இல்ல மேடம், இது ஒரு அனுபவம்" என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார். முதல் முறை சொன்னபோதே மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அனுபவத்த நிறுத்திட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணச் சொல்றார்."

இது ஐந்தாவது வண்டி. ஆறு நாட்களாக இப்படித்தான் நடக்கிறது. மாடியில் அப்பா கட்டிலில் கிடக்கிறார். நுரையீரல். மூன்று மாதமாக எழுந்து உட்காரவும் முடியவில்லை. தெருவில் ஒவ்வொரு வண்டியாக வந்து நிற்கும். கொண்டுவந்தவர் முதலில் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுவார், பிறகு தண்ணி டேங்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அறைக்குள் செல்போனுக்குத் தடை. நடுவில் அடித்தால் கேட்டதெல்லாம் கெட்டுவிடுமாம். அதனால் அம்மா தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். வேண்டாம் என்றால் ஜன்னலில் வெள்ளைத் துண்டு. வேண்டும் என்றால் நீலத் துண்டு. நீலத் துண்டு ஆறு நாளாக ஜன்னல் கட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறது.

காலையில் வந்த டாக்டர், "இன்னிக்கா நாளைக்கான்னு சொல்ல முடியாது" என்றார். அவளும் டாக்டர்தான், பல் டாக்டர். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு என்றுதான் அர்த்தம்.

மஞ்சள் வண்டி போனது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா தொண்டையைச் செருமினார். மாமா அம்மாவின் தம்பி. ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று கேட்டால் கோபித்துக்கொள்வார், அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்.

"என் சர்வீஸ்ல நான் எத்தனையோ வண்டிக்கு ஒப்புதல் கொடுத்திருக்கேன்," என்றார். "வண்டின்னா கண்ணால பார்க்கணும், ஆவணத்தப் பார்க்கணும். படுத்த படுக்கையில இருந்துகிட்டுக் காதால கார் வாங்கற ஆள இப்பதான் பாக்கறேன். சரி, வாங்கி யாரு ஓட்டறது?"

இதே கேள்வியை முதல் நாள் அவர் அப்பாவிடமே கேட்டார். அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒரே பதில்தான் சொன்னார்: "ஷெட்டு காலியா இருக்கு."

ஷெட்டைக் காலியாக்கியது அவள்தான்.

அங்கே முப்பத்தொரு வருஷம் ஒரு சிவப்பு வண்டி நின்றது. இரண்டே இருக்கை. வீட்டில் மூன்று பேர் இருக்கும்போது இரண்டு இருக்கை வண்டி வாங்கிய மனிதர் என்று அப்பாவை உறவு முழுக்கக் கேலி செய்தது. எங்கே போனாலும் ஒருத்தர் பஸ்ஸில்தான். "கார்ல உங்கப்பாவும் ஃப்ளாஸ்க்கும் போவாங்க, நான் பஸ்ல போய் முன்னாடியே எறங்கி நிப்பேன்," என்பாள் அம்மா. அந்த வண்டியின் ஸ்டீயரிங்கை அப்பா யாரிடமும் கொடுத்ததில்லை. படுத்த பிறகு, பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே பத்து நிமிஷம் ஓடவிட மட்டும் அவளுக்கு அனுமதி கிடைத்தது. நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த அனுமதி.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவள் வண்டியை ஷெட்டை விட்டு வெளியே எடுத்தாள். ஒரே ஒரு சுற்று என்றுதான் நினைத்தாள். தண்ணி டேங்க் வளைவில், கிடங்குச் சுவரில் போய் முடிந்தது. அவளுக்குத் தாடையில் நாலு தையல். வண்டியை இரும்பாகத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"நாய் குறுக்க வந்துடுச்சுப்பா," என்றாள் மறுநாள்.

அப்பா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்தது பாக்கலாம்," என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று மாமா தீர்ப்பு எழுதினார்.

அன்றிலிருந்து அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, கிளினிக்குக்கு பஸ்ஸில்தான் போகிறாள். நாளெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவள், தன் வாயை மட்டும் திறக்கவில்லை. நாய் எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு நீலத் துண்டு விழுந்துவிட்டால், ஷெட்டில் ஒரு வண்டி வந்து நின்றுவிட்டால், அப்பா போவதற்குள் கணக்கு நேராகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதனால்தான் ஊரில் உள்ள ஷோரூமுக்கெல்லாம் போன் அடித்தாள்.

அப்பா காது ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். டாக்டர் இல்லை. சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளை அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்லும் வேலை. அந்த வேலையில் மனித குலத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு முடிவு கிடைத்தது. "பாதிப் பேரு கேக்காமலே கை தூக்குவான். பெரிய பதவின்னா இன்னும் சீக்கிரமா தூக்குவான்." மாமா இருக்கும்போது இதை அடிக்கடி சொல்வார்.

முதல் நாள் வந்தது பேட்டரி கார். ஐந்து நிமிஷம் கழித்து அப்பா, "ஏன் இன்னும் வரல?" என்று கேட்டார். அது வந்து, சுற்றி முடித்து, ஜன்னலுக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தது. அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வண்டிக்கு யாரும் சிரிக்கவில்லை. கருப்பு நிறம், கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி உறுமல். அப்பா பத்து வினாடிகூடக் கேட்கவில்லை. "அது இன்ஜின் இல்ல. பாட்டுப் பெட்டி," என்றார். அவள் கீழே வந்து அதை அப்படியே சொன்னாள். அந்த விற்பனையாளர் முகம் மாறிவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, இன்ஜின் சத்தம் போதாது என்று கம்பெனியே உள்ளே ஸ்பீக்கர் வைத்து உறுமலைப் போடுகிறது, வாங்குபவர்கள் யாருக்கும் தெரியாது என்றார் தாழ்ந்த குரலில். பிறகு, "மேல இருக்கற சாரை ஒரு தடவ பாத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டு, மாடிக்குப் போய், கட்டில் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கினார். நாலாவது வண்டியில் பின்பக்க இடது டயரில் காற்றுக் குறைவு என்று மாடியிலிருந்து தகவல் வந்தது. பார்த்தார்கள். குறைவுதான். அதற்குப் பிறகு மாமாகூட ஒரு மணி நேரம் சும்மா இருந்தார்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆறாவது வண்டி வந்தது. கொண்டுவந்தவர் ஸ்பேனர். சிவப்பு வண்டியை அதன் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வண்டி சாம்பல் நிறம், பழசு, இரண்டே இருக்கை. பானெட்டில் ஒரு இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது.

"கழுவக்கூட இல்லியே," என்றார் மாமா. "இதுக்கு என்ன வயசு இருக்கும்?"

"உங்களவிடக் கம்மிதான் சார்," என்றார் ஸ்பேனர்.

நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே ஒருத்தர் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். வெள்ளைத் துண்டு விழவில்லை. அம்மா ஜன்னலுக்கு வந்தாள்.

"உன்னைக் கூப்பிடறார்."

அவள் படியேறிப் போனாள். அறை வெளிச்சமாக இருந்தது. அப்பாவின் மூச்சு, வர வேண்டியது வராமல், பிறகு ஞாபகம் வந்தது போல வந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ ஓட்டு," என்றார் அப்பா. "தனியா."

"ஸ்பேனர் அண்ணன் ஓட்டட்டும்பா. நான்..."

"அவன் ஓட்டினா அவன் கைதான் கேக்கும்."

"என்னால முடியாதுப்பா."

அப்பா கொஞ்சம் காத்திருந்தார். வார்த்தைக்கு மூச்சு வேண்டியிருந்தது.

"நாய் இல்ல, பாப்பா."

அவள் கை தாடைத் தழும்புக்குப் போனது.

"நாலாவது கியர்லயே வந்த. வளைவுக்கு முன்னாடி மூணுக்கு எறக்கல. பயந்து பிரேக்க மிதிச்ச." ஒரு மூச்சு. "இங்கேருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே காலிமனை. அதைத் தாண்டி கிடங்கின் பக்கச் சுவர், டேங்கின் தலை. நேராகப் போனால் ஒரு கல்லெறியும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. அவளுக்கு ஏன் இது தோன்றவே இல்லை என்று அவளுக்கே புரியவில்லை. அப்பா அன்றைக்கும் இதே கட்டிலில்தான் இருந்தார். இதே ஜன்னல்தான் திறந்திருந்தது.

"இடிச்சது கேட்டுச்சு," என்றார். "அப்புறம் ஒண்ணும் கேக்கல. எண்ண ஆரம்பிச்சேன்."

அம்மா துண்டை மடிப்பதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கும் இது புதிது.

"பதினொண்ணு. பதினொண்ணுல கதவு தொறந்துச்சு. எறங்கின. சாத்தின." அப்பாவின் உதடு ஓரம் அசைந்தது. "லாக் விழல. மறுபடி சாத்தின. இடிஞ்ச வண்டிக்கு எதுக்குக் கதவச் சாத்தறாள்னு நெனச்சேன்."

"அந்தக் கதவு எப்பவும் ரெண்டு தடவ சாத்தணுமேப்பா."

"ஆமா," என்றார். பிறகு, "அப்புறம் தூங்கிட்டேன்."

முப்பத்தெட்டு வருஷம் விரலைத் தூக்கச் சொல்லிக் காத்திருந்த மனிதர், எழுந்து நடக்க முடியாமல், காலிமனைக்கு இந்தப் பக்கம் கிடந்து, பதினொன்று வரை எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. மலை அடிவாரத்தில் நிற்கிறவன் உச்சியைப் பார்க்கக் கழுத்தை வளைப்பது போல, அந்தக் குச்சிக் கைகளையும், முடி வளர்ந்த பழைய காதுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ," என்றார் அப்பா. "ஷெட்டு காலியா இருக்கு."

கீழே ஸ்பேனர் கதவைத் திறந்துபிடித்து நின்றார். மாமா ஏதோ ஆலோசனை சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, அதை வேறொரு நாளுக்கு ஒத்திவைத்தார்.

கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். முதல் கியர். தெருமுனையில் இரண்டாவது. பத்தொன்பது நாளாக ஸ்டீயரிங்கைத் தொடாத கை அது. ஆனால் இப்போது ஓட்டுவது தான் மட்டும் இல்லை என்பது போல இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டாள். அவள் விடும் ஒவ்வொரு சத்தமும் வீடுகளுக்கு மேலே ஏறி, காலிமனையைத் தாண்டி, ஒரு ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று. நேர் ரோட்டில் நாலு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது இன்ஜின் முணுமுணுப்பை விட்டுவிட்டு வாயைத் திறந்து பாடியது; அவள் உடம்பெல்லாம் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. இதற்காகத்தான் அந்த மனிதர் எங்களைப் பஸ்ஸில் அனுப்பினாரா என்று நினைத்துக்கொண்டாள்.

டேங்க் வந்தது. சுவரில் சிவப்புக் கீறல் இன்னும் இருந்தது. கிளட்ச்சை மிதித்தாள், லேசாக ஒரு முடுக்கு, மூன்று. வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வண்டி வளைவை வாங்கிக்கொண்டு, சுவரை ஒரு பக்கம் விட்டுவிட்டு, அவளை முழுசாக மறுபக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

கேட்டுச்சாப்பா என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

தெருவுக்குள் மெதுவாக வந்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே, மற்ற ஐந்து வண்டிகளும் நின்ற அதே இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடி அண்ணாந்து பார்த்தாள்.

கம்பியில் வெள்ளைத் துண்டு இல்லை. நீலத் துண்டும் இல்லை.

மாமாவின் நாற்காலி காலியாக இருந்தது. மாடிப்படியின் முதல் படியில் அவருடைய செருப்பு, ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஸ்பேனர் மதில் ஓரமாக, கையில் இருந்த எண்ணெய்த் துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

அம்மா ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு துண்டும் ஒரே கையில் இருந்தன. எதைப் போடுவது என்று தெரியாதவள் போல அவற்றைப் பார்த்தாள், பிறகு கீழே மகளைப் பார்த்தாள்.

இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் சாவியைத் திருப்பினாள். தெரு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இறங்கினாள். கதவைச் சாத்தினாள். நல்ல வண்டி, ஒரே தடவையில் லாக் விழுந்தது.

அவள் அதை மறுபடி திறந்து, மறுபடி சாத்தினாள்.