காப்புக் கட்டிய வெள்ளையம்மாவும் கஞ்சி வைத்த ஈசாக்கும்

கப்பலில் வந்தது இரண்டு பேர். ஆனால் உபதேசியார் ஞானாபரணம் திருநெல்வேலிக்கு எழுதிய கடிதத்தில் "நான் சுகமாய் வந்து சேர்ந்தேன்" என்றுதான் இருந்தது. இரண்டாவது ஆள் ஈசாக்கு. அவன் ஆர்மோனியப் பெட்டி தூக்க வந்தவன். தூக்குகிறவனை எழுதினால் பெட்டியையும் அல்லவா எழுத வேண்டும்!

மலாயாவின் ஜொகூரில் மூன்று மாதம் ஊழியம் என்று ஏற்பாடு. தோட்டம் தோட்டமாகப் போவது, சாயங்காலம் கூலிக்காரர் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் பெட்டியை வைத்துப் பாடுவது, பிரசங்கம் பண்ணுவது, மூன்றாம் நாள் அடுத்த தோட்டம். ஈசாக்கு இருபது வருஷம் பனை ஏறி முதுகு போனவன். பாரம் அவனுக்குப் புதிதல்ல. ஆனாலும் ரப்பர் காட்டுச் செம்மண்ணில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு பெட்டியோடு வழுக்கி வழுக்கி நடக்கும்போது, இதற்காகவா ஆண்டவர் என்னைக் கடல் தாண்டிக் கூட்டி வந்தார் என்று நினைத்துக்கொள்வான். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் உபதேசியார் அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். லயத்தில் குளிர்காய்ச்சலும் வந்திருந்தது. இரண்டு நாள் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. மூன்றாம் நாள் காலை, ஈசாக்கு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டுவண்டி வந்தது. மருந்து கொடுக்கிற டிரசரும் வந்தார். காய்ச்சல்காரர்கள் நாலு பேர் ஏறினார்கள். வெள்ளையம்மா மட்டும் ஏறவில்லை. ஐம்பது வயது, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"ஏறு வெள்ளையம்மா, வண்டி நிக்கிது," என்றார் அர்ச்சுனன் கங்காணி.

"ஏற மாட்டேன். காப்புக் கட்டுன கை. திருவிழா முடியிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது, ஆறுதான் எல்லை. கட்டிவிட்டது நீங்கதான? கட்டும்போது என்னா சொன்னீங்க?"

கங்காணி தலையைச் சொறிந்தார். கோயில் தலைவரும் அவரேதான்.

"சொன்னேன்தான். ஒனக்குக் காய்ச்சல் வரும்னு எனக்கு என்னா ஜோசியமா தெரியும்? அலமாக்," என்று மலாய்க்காரர் மாதிரி அங்கலாய்த்தார். "உசுர வாங்காத."

"உசுரு ஆத்தாகிட்ட இருக்கு. ஒங்ககிட்ட எங்க வாங்குறது?"

வண்டிக்காரன் சிரித்தான். உபதேசியார் முன்னே வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பெண்பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் பேசினார்.

"அம்மா, அந்தக் கயிறுதானே தடை? அறுத்துப் போடுங்க. நானே கையைப் பிடிச்சு வண்டியில ஏத்துதேன்."

வெள்ளையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன வருசம் இந்த லயத்துல பதினோரு பேரு காய்ச்சல்ல போனாங்க. என் மகளும் போனா. மிச்சம் இருக்கறதுங்க நல்லா இருக்கட்டும்னு நேந்துக்கிட்டேன். அறுத்தா அதுங்க தலையில விடியும். நீங்க அடுத்த தோட்டத்துக்குப் போயிருவீங்க. நான் இங்கதான இருக்கணும்?"

உபதேசியார் வசனம் தேடி வேதப் புத்தகத்தைப் புரட்டினார். டிரசர் ஒரு புட்டியை எடுத்து நீட்டினார்.

"வரலேன்னா போங்க. இது கொய்னா மாத்திரை. மூணு வேளை, கஞ்சியோட. முழுங்குற வரைக்கும் பக்கத்துல ஒருத்தர் நிக்கணும், துப்பிருவாங்க. வேர்த்தா துணி மாத்தணும். எட்டு நாள். யாரு பாப்பா?"

பார்க்க ஆள் எங்கே? விடியக் காலையிலேயே பெரட்டு என்கிற ஆள்கணக்கில் பேர் கூப்பிட்டு, லயமே வாளியும் கத்தியுமாய்க் காட்டுக்குள் போய்விட்டது. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் பேரும் கூலியும் போய்விடும்.

ஈசாக்கு பெட்டியைத் தரையில் இறக்கினான்.

"நா பாக்கேன்."

"ஏலே, என்ன சொல்லுத? சாயங்காலம் கூட்டம் இருக்கு," என்றார் உபதேசியார்.

"நீங்க போங்கய்யா. எட்டு நாள் கழிச்சு வாரேன்."

"பெட்டிய யாரு தூக்குவா?"

"பெட்டிக்குக் காய்ச்சல் இல்லையேய்யா."

டிரசர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். உபதேசியார் ஈசாக்கைத் தனியே கூப்பிட்டார்.

"சரி, இரு. ஆனா கயித்த அறுத்தாத்தான் கஞ்சின்னு சொல்லு. சும்மா கஞ்சி ஊத்தவா உன்னைச் சபை அனுப்பிச்சு?"

"அப்படிச் சொன்னா நா கஞ்சி விக்கவனால்லா ஆயிருவேன்? நா விக்க வரலய்யா."

இப்படி எதிர்த்து ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. வந்த பிறகு திரும்ப விழுங்கவும் தோன்றவில்லை. உபதேசியார் கங்காணியிடம் சொல்லிக் காட்டிலிருந்து ஓர் ஆளைக் கேட்டு வாங்கிப் பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே தொடங்கியது வேலை. ஆற்றில் தண்ணீர் எடுத்து, கொதிக்க வைத்து, கஞ்சி காய்ச்சி, கொய்னாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவான். அவள் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு முழுங்கியதுபோல் நடிப்பாள்.

"வாயத் தொற."

"நீ என்னா எனக்குப் புருசனா?"

"புருசனா இருந்தா என்னைக்கோ ஓடியிருப்பேன். தொற அக்கா."

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வந்து புடவை மாற்றிவிடுவாள். வேர்வையில் நனைந்ததை ஈசாக்கு தண்ணீர் கொட்டுகிற பீலியடிக்குக் கொண்டுபோய்த் துவைப்பான். பெண்கள் விடுவார்களா?

"வேதக்காரரே, புடவ நல்லா அலசுறீங்க! எங்களதையும் போடவா?"

"காய்ச்சல் வரட்டும், போடுங்க."

ஐந்தாம் நாள் குளிர் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று சாக்கைப் போர்த்தியும் பல் கிட்டித்தது. ஈசாக்கு பக்கத்தில் முழங்கால் போட்டான். குளிர் விட்டதும் அவள் கண் திறந்தாள்.

"என்னா முணுமுணுக்கிற?"

"ஜெபம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான் அக்கா."

"பண்ணிக்க. கயிறு அப்படியேதான் இருக்கும்."

"இருக்கட்டும். நா கயித்துக்கிட்டப் பேசல."

அவன் முதுகு முன்னைவிட வலித்தது. கூலி இல்லை, சாட்சி சொல்ல ஆளில்லை. ஆனால் தான் எழுந்து போய்விட்டால் நின்றுபோகிற வேலை ஒன்று அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை. பனைக்கு வேறு ஆள் உண்டு, பெட்டிக்கும் உண்டு. இந்தக் கஞ்சிக்கு அவன் மட்டும்தான். இதற்குத்தான் வந்தேன் என்று அடுப்பை ஊதும்போது சத்தமாகவே சொல்லிக்கொண்டான்.

திருவிழாவுக்குள் காய்ச்சல் விட்டது. ஆனால் கால் நிற்கவில்லை. காப்புக் கழற்றக் கோயிலுக்குப் போயாக வேண்டும். பெண்கள் எல்லோரும் பால்குடத்தோடு முன்னால் போய்விட்டார்கள்.

"வாசல் வரைக்கும் புடிச்சுக்க தம்பி. உள்ள வராத. ஒன் சாமி கோவிச்சுக்கும்."

"எங்க சாமிய எங்கிட்ட விடு. நீ கால எடுத்து வை."

தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே, சேற்றுப் பாதையில், ஒரு வேதக்காரன் தோளில் சாய்ந்து வெள்ளையம்மா நடந்ததைத் தோட்டமே பார்த்தது. வாசலில் கங்காணி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஈசாக்கு வெளியே வேலியோரம் நின்றான். தலை குனியவில்லை.

செய்தி ஈசாக்குக்கு முன்னால் உபதேசியாரிடம் போய்விட்டது. நாலாம் நாள் வண்டிக்காரன் கடிதம் கொண்டுவந்தான். ஈசாக்கு முப்பத்தெட்டு வயதில் இராப்பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவன். வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். கோயிலுக்குப் போனதாகக் கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் ஜொகூர் பாருவுக்கு வந்து சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் திரும்பக் கப்பல் சீட்டுக் கிடையாது.

ஊரில் கட்டிக்கொடுத்த மகள் இருந்தாள். அவள் பிள்ளையை இன்னும் அவன் பார்த்ததில்லை. கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு முறை எழுத்துக் கூட்டினான். வண்டிக்காரன் பீடி இரண்டு முடித்தான். பிறகு ஈசாக்கு அவனிடம் பென்சில் கேட்டு வாங்கி, கடிதத்தின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினான்.

"ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். வாசல் வரை போனது மெய். நடக்க முடியாதவளைப் பிடித்துக்கொண்டு போனேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்னொருத்தி கேட்டாலும் போவேன். நான் உம்மைவிட்டுப் போனாலும் ஆண்டவரை விட்டுப் போகவில்லை. இங்கே ஆறு பேர் படுத்திருக்கிறார்கள். டிரசர் பேசி, நோயாளிக்குத் தண்ணீர் எடுக்கிற வேலையில் கங்காணி என் பேரைச் சேர்த்திருக்கிறார். சீட்டை வேறொருவருக்குக் கொடும். கூலி சேர்த்து நானே ஊர் போவேன். ஈசாக்கு."

வெள்ளையம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னா எழுதுன?"

வாசித்துக் காட்டினான்.

"போக வேண்டியதுதான? நான் புடிச்சா வச்சிருக்கேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "ஒன் கஞ்சி வாய்ல வக்க வெளங்கல. இனிமே நான் காச்சுறேன். நீ கொண்டு போயி குடு," என்றாள்.

வண்டி போய்விட்டது. கடைசி வீட்டில் காய்ச்சலில் கிடந்த மணியம் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ஈசாக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.